தொடக்க நூலின் பிழை சிறுபிழை அல்ல

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் நான்கு பக்கத்துக்கு ஒரு பிழைதிருத்தப் பட்டியல் எழுதினேன். எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் சி மொழி கற்கும் பாடநூலுக்கான பட்டியல் அது. பக்கம், வரி, அச்சில் இருப்பது, இருக்க வேண்டியது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமா என்று துறையில் கேட்டேன். யாரும் கோபப்படவில்லை, சிரித்தார்கள். "சின்னச் சின்னப் பிழைதானே சார், இதுக்குப் போய் மெனக்கெடணுமா?" என்றார் ஒருவர். "தப்பைத் தானே கண்டுபிடிச்சாத்தான் பசங்களுக்குப் புரோகிராமிங் வரும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். முதல் வருஷத்துக்கு இவ்வளவு துல்லியம் வேண்டாம், வேலைக்குப் போனால் தானாகச் சரியாகிவிடும் என்ற பேச்சும் வந்தது. பட்டியல் என் மேசைக்கே திரும்பியது.

இவர்கள் அக்கறை இல்லாத ஆசிரியர்கள் அல்லர். மாலை ஆறு மணிக்கும் லேப்பில் பையன்களோடு உட்கார்ந்திருப்பவர்கள். அதனால்தான் இந்தக் கருத்தை லேசாக விட முடியவில்லை. நிரல் கற்பிக்கும் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். மேல்நிலை நூல் என்றால் துல்லியமாக இருக்க வேண்டுமாம். தொடக்க நூல் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாமாம். உண்மை இதற்கு நேர் எதிரானது. மேல்நிலை நூலில் உள்ள பிழையை அதைப் படிப்பவர் பிடித்துவிடுவார். தொடக்க நூலைப் படிப்பவர் ஒருவரால்தான் அந்த நூலின் பிழையைப் பிடிக்க முடியாது.

லேப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, நூலின் பிடிஎஃப்பிலிருந்து ஒன்பது வரி நிரலை நகலெடுத்து ஒட்டிக் கம்பைல் செய்தாள். நிரலில் வழிதவறிய 342 இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. தொடர்ந்து 200, அதற்குப் பிறகு 234. அவள் நிரலை மேலிருந்து கீழாக நான்கு முறை படித்திருக்கிறாள். 342 என்ற எண் எங்கேயும் இல்லை. "நான் எதையும் டைப் பண்ணவே இல்லையே சார், அப்படியே ஒட்டினேன்" என்றாள். குரலில் அழுகை இருந்தது.

நடந்தது இதுதான். நூலைத் தட்டச்சு செய்த சொற்செயலி, நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறியை அழகுக்காக வளைகுறியாக மாற்றிவிட்டது. சி மொழிக்கு வளைகுறி தெரியாது. அந்த வளைகுறி யூனிகோடில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்று பைட்டுகளை எட்டடிமான எண்களில் எழுதினால் 342, 200, 234. ஜிசிசி கம்பைலரின் பழைய பதிப்புகள் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாகக் குற்றம் சொல்லும். எனக்கு இது பத்து நொடி வேலை. அவளுக்கு யூனிகோடு தெரியாது, எட்டடிமானம் அடுத்த பருவத்துப் பாடம். முதல் நிரலையே ஓட்டிப் பார்க்காதவளிடம் இந்தப் பிழையை "நீயே கண்டுபிடி" என்று எப்படிச் சொல்வது?

பிழை தேடுவது நல்ல பயிற்சிதான். நானும் கொடுக்கிறேன். ஒரு நிரலில் வேண்டுமென்றே ஒரு தவறை வைத்து, உள்ளே ஒன்று இருக்கிறது, தேடுங்கள் என்பேன். அங்கே தவறு இருப்பது தேடுகிறவருக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். பாடநூலின் பிழை அப்படிப்பட்டதல்ல. நூல் சரி என்ற நம்பிக்கையில்தான் மாணவி அதைத் திறக்கிறாள். நிரல் ஓடவில்லை என்றால் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள்: அவள், கணினி, நூல். நூலை அவள் சந்தேகிக்க மாட்டாள், அச்சில் வந்தது. கணினியையும் சந்தேகிக்க மாட்டாள், பக்கத்து மேசையில் அதே கணினி ஓடுகிறது. மிஞ்சுவது அவள்தான். பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டி விலகி ஒலித்தால் தேர்ந்த பாடகர் சட்டென்று நிறுத்திவிடுவார். முதல் மாதம் சரளிவரிசை பாடும் குழந்தை, தனக்குக் குரல் இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

அச்சு நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்தாலும் தப்ப முடியாது. அடுத்தடுத்து வரும் இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து ஒரே நீளக் கோடாக அச்சாகியிருக்கும். மாணவர் ஒரு குறியைத்தான் போடுவார். பைத்தான் நூல்களில் இரட்டை அடிக்கோடு ஒற்றைக் கோடாகத் தெரியும். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. பக்கம் மாறும் இடத்தில் அந்த இடைவெளி போய்விட்டால் நிரலின் பொருளே மாறிவிடும். பழைய தமிழ்வழி நூல்களில் இன்னொரு சிக்கல். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். நிரலின் ஒரு வரிக்கு எழுத்துருவை மாற்ற மறந்தால் அந்த வரி யாருக்கும் புரியாத எழுத்துக் குவியலாகிவிடும்.

இவற்றில் பல கம்பைலரே நிறுத்திக் காட்டும் பிழைகள். நிறுத்தாத பிழைகள் இன்னும் மோசம். பத்து இடம் உள்ள அணியில் 0 முதல் 9 வரை சுற்ற வேண்டிய மடக்கில், "சிறியது" என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி கூடுதலாக விழுந்துவிட்டால் நிரல் பதினோராவது இடத்தைத் தொடும். கம்பைல் ஆகும், ஓடும், பல நேரம் விடையும் சரியாகவே இருக்கும். அது சரி என்றே மாணவர் கற்றுக்கொள்வார்.

நூலின் பிழையால் ஓடாத நிரலை மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது லேப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டில் நூலில் உள்ள அவுட்புட்டையே எழுதிவிடுகிறார்கள். சில இடங்களில் அப்படி எழுதச் சொல்லியே கொடுக்கிறார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. மற்றப் பாடங்களில் நூல் சொல்வதை மாணவர் பெரும்பாலும் நம்பித்தான் ஆக வேண்டும். வரலாற்று நூல் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் முதலாண்டு மாணவர் என்ன செய்ய முடியும்? நிரலாக்கத்தில் நூல் சொன்னதை அந்த நிமிடமே ஓட்டிப் பார்க்கலாம். நூலாசிரியரைவிடக் கணினியின் விடைக்கு மதிப்பு அதிகம் என்பதைப் பதினெட்டு வயதிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய அரிய துறை இது. திரையில் வந்ததை விட்டு அச்சில் இருப்பதை ரெக்கார்டில் எழுதும் பிள்ளையிடமிருந்து அதையே பறித்துவிடுகிறோம்.

முதல் வருஷத்துக்கு இவ்வளவு துல்லியம் வேண்டாம் என்ற வாதத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் எளிமையாகத்தான் சொல்ல வேண்டும், முழு உண்மையையும் கொட்டக் கூடாது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். "மெயின் என்பதற்கு முன்னால் இன்ட் என்று எழுதுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்" என்பது எளிமை. அதன் மேல் பிறகு உண்மையைக் கட்டலாம். "வாய்ட் மெயின் என்று எழுதுங்கள்" என்பது எளிமை அல்ல, தவறு. சி மொழிக்கு 1989இல் வந்த தரநிலை, மெயின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நிரல் நல்லபடியாக முடிந்ததா என்று இயங்குதளம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது; 0 என்றால் வெற்றி. அடுத்த ஆண்டு இதே மாணவர் சி பிளஸ் பிளஸ் படிக்கும்போது ஜிசிசி வாய்ட் மெயினை ஏற்கவே மறுத்துவிடும். இரண்டும் ஒரே நீளம்தான், ஒரே சிரமம்தான். தவறானதைச் சொல்லிக் கொடுப்பதில் என்ன எளிமை கிடைத்தது?

இந்தத் தவறுகளில் பாதிக்கு ஊற்றுக்கண் ஒன்றுதான். 1990களில் எம்எஸ் டாஸ் மேல் ஓடிய டர்போ சி கம்பைலரை வைத்து எழுதிய நூல்களும், அவற்றைப் பார்த்து எழுதிய நூல்களுமே நம்மிடம் இன்னும் சுற்றுகின்றன. அந்தக் கம்பைலரில் முழு எண்ணுக்கு இரண்டு பைட். 32,767க்கு மேல் கொள்ளாது. 200ஐ 200ஆல் பெருக்கினால் விடை −25,536 என்று நூல் சொல்கிறது. அன்று அந்த இயந்திரத்தில் அது சரி. இன்று எங்கள் லேப்பில் உள்ள உபுண்டுவில் முழு எண்ணுக்கு நான்கு பைட். விடை 40,000 என்று சரியாகவே வருகிறது. சரியான விடை வந்ததற்காகப் பதறிப்போன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவு கம்பைலரைப் பொறுத்து மாறும் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் அந்தப் பக்கம் நல்ல பாடமாகியிருக்கும்.

கோப்பிலிருந்து படிக்கும் அதிகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "கோப்பு முடியாத வரை படி, படித்ததை அச்சிடு" என்று மடக்கு எழுதியிருக்கும். தமிழில் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சி மொழியில் கோப்பு முடிந்துவிட்டது என்பது, படிக்க முயன்று தோற்ற பிறகுதான் தெரியவரும். கடைசி வரியைப் படித்து முடித்ததும் "முடிந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். மடக்கு இன்னொரு முறை சுற்றும், படிக்க ஒன்றும் இருக்காது, பழைய மதிப்பே மீண்டும் அச்சாகும். நாற்பது பேர் மதிப்பெண் உள்ள கோப்பைக் கொடுத்தால் நாற்பத்தொரு வரி வரும், கடைசி மாணவர் இரண்டு முறை எண்ணப்படுவார், சராசரி தவறிவிடும். படிக்கும் செயற்கூறு வெற்றி பெற்றதா என்று மடக்கின் தலையிலேயே சோதித்திருந்தால் தீர்ந்தது. இதே தவறு நூலுக்கு நூல் நகலாகிக்கொண்டே வருகிறது. அவுட்புட்டை யாராவது ஒருவர் ஓட்டிப் பார்த்து ஒட்டியிருந்தால் கடைசி வரி இரட்டிப்பதைக் கண்ணால் கண்டிருப்பார். நூலில் உள்ள அவுட்புட் ஓட்டி எடுத்ததல்ல, கையால் எழுதியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரம் என்ற அதிகாரத்தில் பயனரிடமிருந்து ஒரு வரியை வாங்க "கெட்ஸ்" என்ற செயற்கூறைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எத்தனை எழுத்து வந்தாலும் நிறுத்தாமல் நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும் செயற்கூறு அது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ஒரு சேவை நிரல் கெட்ஸைப் பயன்படுத்தியிருந்ததுதான். 2011இல் வந்த தரநிலையில் அந்தச் செயற்கூறையே மொழியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் முதலாண்டு மாணவர் அதைத்தான் முதல் பழக்கமாகக் கையில் ஏற்றிக்கொள்கிறார். வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறவர்கள், விரலில் ஏறிய பழக்கம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைத் தங்கள் விரல்களையே கேட்டுப் பார்க்கலாம்.

பைத்தானுக்கு மாறிவிட்டோம், இந்தத் தொல்லை இனி இல்லை என்றும் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலே பைத்தானைக் கற்றுக்கொடுக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில், பைத்தான் 2க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1இல். இடைப்பட்ட காலத்தில் பழைய நூல்களைப் புதுப்பித்தவர்கள் பலர் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி மட்டும் போட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள். 7ஐ 2ஆல் வகுத்தால் 3 என்று நூல் சொல்லும், திரை 3.5 என்று சொல்லும். பயனரிடம் 5ஐயும் 3ஐயும் வாங்கிக் கூட்டினால் 8 என்று நூலில் இருக்கும். பைத்தான் 3 உள்ளீட்டைச் சரமாகவே வாங்குவதால் திரையில் 53 வரும்.

பட்டியல் திரும்பி வந்த சில நாள் கழித்து, எங்கள் துறையிலேயே மூத்தவர் ஒருவர் தனியாக அழைத்துப் பேசினார். "நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா பரீட்சையில புத்தகத்துல உள்ளதைத்தானே கேட்கிறாங்க? திருத்தி எழுதினா மார்க் போயிடுமே" என்றார். எல்லா வாதங்களிலும் நேர்மையானது இதுதான். உண்மையும்கூட. முழு எண் மாறி ஒன்றின் மதிப்பு 5. அதற்கு முன்னால் ++ போட்டு, அதையே மறுபடியும் ++ போட்டுக் கூட்டினால் விடை என்ன என்ற வினா எத்தனை வினாத்தாள்களில் வந்திருக்கிறது! 6ஐயும் 7ஐயும் கூட்டி 13 தரும் கம்பைலர் உண்டு. 7ஐயும் 7ஐயும் கூட்டி 14 தரும் கம்பைலரும் உண்டு. ஒரே கோவையில் ஒரே மாறியை இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியில் வரையறையே இல்லை. சி மொழியை ஆக்கிய டென்னிஸ் ரிட்ச்சி, பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து எழுதிய நூலிலேயே இப்படிப்பட்ட கோவைகளைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கை இருக்கிறது. அந்த வினாவுக்கு "வரையறுத்த விடை இல்லை" என்று எழுதிய என் மாணவன் ஒருவனுக்கு இரண்டுக்குப் பூஜ்யம் போட்டார்கள். விடைக்குறிப்பில் ஓர் எண் இருந்ததாம்.

இதைக் கேட்டு நூலைத் திருத்தாமல் விடுவதா, விடைக்குறிப்பைத் திருத்துவதா? தேர்வு, நூல் இரண்டும் ஒன்றின் தவறை ஒன்று காட்டி நியாயப்படுத்திக்கொண்டிருந்தால் நடுவில் நசுங்குவது மாணவர்தான். வினாத்தாள் எடுப்பவரும் நம்மில் ஒருவர், விடைக்குறிப்பு எழுதுபவரும் நம்மில் ஒருவர். வெளியிலிருந்து யாரும் வந்து நம்மைக் கட்டிப்போடவில்லை.

பூஜ்யம் வாங்கிய அந்தப் பையனின் அப்பா நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறார். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவன். ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கிற, அண்ணனோ மாமாவோ மென்பொருள் வேலையில் இருக்கிற மாணவனுக்கு இந்தப் பாடநூல் பல வழிகளில் ஒன்று. பிழை என்றால் தாண்டிப் போய்விடுவான். இவனைப் போன்றவர்களுக்கு இது ஒன்றே வழி. அதில் உள்ள பிழையின் முழுச் சுமையும் இவர்கள் மேல்தான் விழுகிறது. வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொல்வதற்கு முன், எனக்கு இது வராது என்று இரண்டாம் மாதமே ஒதுங்கியவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று தேடிப் பார்த்தோமா?

பிழையே இல்லாத நூல் உண்டா என்று கடைசியாகக் கேட்பார்கள். இல்லை. ஜான் பென்ட்லி 1986இல் வெளிவந்த தம் நூலில் இருமத் தேடலை எழுதி, அது சரி என்று படிப்படியாக நிறுவியும் காட்டினார். இருபது ஆண்டு கழித்து 2006இல், அந்த நிரலிலும் அதே முறையில் தாமே எழுதி ஜாவாவின் நூலகத்தில் ஒன்பது ஆண்டு ஓடிக்கொண்டிருந்த நிரலிலும் ஒரு பிழை இருப்பதாக ஜோஷுவா பிளாக் எழுதினார். கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் இடத்தில், எண்கள் மிகப் பெரியதாக இருந்தால் கூட்டுத்தொகை கொள்ளாமல் வழிந்து எதிர்ம எண்ணாகிவிடும். பிளாக் பென்ட்லியிடம் பாடம் கேட்டவர். ஆசிரியரின் நூலில் பிழை என்று மாணவர் ஊரறியச் சொன்னார், தன் பிழையையும் சேர்த்துச் சொன்னார். யாருடைய மதிப்பும் குறையவில்லை.

டொனால்ட் நுத் இன்னும் ஒரு படி மேலே போனவர். 1968இல் முதல் தொகுதி வந்த தம் பெருநூலில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2 டாலர் 56 சென்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் முழு நூறு. காசோலை மோசடிகளுக்கு அஞ்சி 2008 முதல் வங்கிக் காசோலைக்குப் பதில் சான்றிதழ் தருகிறார், பரிசை நிறுத்தவில்லை. தாம் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கண்ட பிழைகளை எல்லாம் வரிசையாகத் தொகுத்து 1989இல் கட்டுரையாகவே வெளியிட்டார். பெரியவர்களும் பிழை செய்கிறார்கள் என்பதை நம் சோம்பலுக்குத் துணையாக அழைக்கிறவர்கள், அவர்கள் பிழைக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கு அயல்நாடு போக வேண்டியதும் இல்லை. நம் பழைய பதிப்புகளில் "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பக்கம் இருப்பதை நூலகத்தில் பார்த்திருப்பீர்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியை மீண்டும் சுவடிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். கரையான் அரித்த ஓலையிலிருந்து எடுத்த நூலுக்கு அவ்வளவு கவலைப்பட்ட மொழியில், ஒரு விசையை அழுத்தினால் சரியா தவறா என்று தெரிந்துவிடும் ஒன்பது வரி நிரலைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. நூலில் உள்ள ஒவ்வொரு நிரலையும் தனிக் கோப்பாக வைத்து, அச்சுக்குப் போகும் முன் ஓட்டி, வந்த அவுட்புட்டை அப்படியே நூலில் ஏற்ற வேண்டும். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று முதல் பக்கத்தில் போட வேண்டும். நிரல் பகுதிக்கு மட்டும் மெய்ப்புப் பார்க்க நிரல் தெரிந்த ஒருவரை வைக்க வேண்டும். தமிழில் ஒற்றுப்பிழை பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சமக்குறி ஒன்றா இரண்டா என்று அவரால் பார்க்க முடியாது. அச்சான பிறகு தெரியவரும் பிழைகளுக்கு ஒரு தாள் போட்டு, நூல் விற்கும் கடை வரை அனுப்ப வேண்டும். எங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் இந்த நூலின் பிரதி ஒன்றைப் புரட்டினேன். யாரோ ஒரு மாணவர் பென்சிலால் மூன்று இடத்தில் திருத்தியிருந்தார். மூன்றும் சரியான திருத்தம். ஒன்று என் பட்டியலிலேயே இல்லாதது; சேர்த்துக்கொண்டேன்.

துறையில் முடிவு எடுக்கும் வரை காத்திருக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் அந்த நூலுக்குப் பன்னிரண்டு பிரதிகள். நூலகரிடம் கேட்டு, பட்டியலைப் பதினொன்றின் பின்னட்டைக்குள் பசை தடவி ஒட்டிவிட்டேன். பன்னிரண்டாவது பிரதியை ஒரு முதலாண்டு மாணவி எடுத்துப் போயிருக்கிறாள். திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டிய நாள்.